எட்டு மாதமாகக் கையில் இருக்கும் குறுவீடியோ செயலி: ஒரு எடிட்டரின் மதிப்பீடு

அப்பாவுக்கு ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுத்தது முப்பத்தெட்டு நொடி ஓடும் ஒரு வீடியோ. பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்த பிறகு, நான்கு மாதம் அவருக்குச் சட்டை மாட்டிவிட்டது நான்தான். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். நான் பொத்தான் போட்டு முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு நாள் அக்கா மகள் வந்து, "மாமா, தாத்தாகிட்ட இதைக் காட்டுங்க" என்று போனை நீட்டினாள். திரையில் வயதான ஒரு பெண்மணி. எந்த மொழி பேசுபவர் என்று தெரியாது, ஏனென்றால் அவர் வாயே திறக்கவில்லை. சட்டையை மடியில் விரித்துப் போட்டார். செயலிழந்த கையை முதலில் சட்டைக் கைக்குள் நுழைத்துத் தோள்வரை ஏற்றினார். துணியை முதுகுப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, அதன் பிறகுதான் நல்ல கையை நுழைத்தார். பொத்தான்களைக் கீழிருந்து மேலாக, கட்டைவிரலால் துளைக்குள் தள்ளித் தள்ளிப் போட்டார். வீடியோ முடிந்ததும் தானாக மறுபடி தொடங்கியது. அப்பா ஒன்பது தடவை பார்த்தார். பிறகு போனை ஓரமாக வைத்துவிட்டுச் சட்டையைக் கையில் எடுத்தார்.

அந்த வீடியோ வந்த செயலியைத்தான் இங்கே மதிப்பிடப் போகிறேன். பெயர் சொல்லவில்லை, அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. குறுவீடியோ செயலிகளின் அடிப்படை அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்: நிமிர்த்திப் பிடித்த போனின் திரை முழுக்க ஒரே ஒரு வீடியோ, விரலால் மேலே தள்ளினால் அடுத்தது, அது முடிந்தால் இன்னொன்று. எட்டு மாதமாக என் போனிலும் அப்பாவின் போனிலும் இதைப் பயன்படுத்துகிறேன். பார்த்திருக்கிறேன், வீடியோ செய்து போட்டிருக்கிறேன், ஒரு சோதனையும் செய்து பார்த்திருக்கிறேன்.

என் தொழில் வீடியோ எடிட்டிங். இருபத்திரண்டு வருடமாகப் பயிற்சிப் படங்கள் வெட்டுகிறேன். இயந்திரத்தை எப்படி இயக்குவது, தீப்பிடித்தால் என்ன செய்வது, நோயாளியைக் கட்டிலில் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஓடும் படங்கள். இவற்றை யாரும் ஆசையாகப் பார்ப்பதில்லை, பார்க்கச் சொல்வதால் பார்க்கிறார்கள். அதனால் பார்ப்பவரின் கண் எங்கே நிற்கிறது, எங்கே விலகுகிறது என்பதுதான் என் வேலையில் முதல் கேள்வி. இந்தச் செயலியும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. அதனால்தான் இதைப் பற்றி எழுத எனக்கு ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில், இந்த வடிவம் எப்படி இவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். 2013 ஜனவரியில் வைன் என்ற செயலி வந்தது. ஆறே நொடி. முடிந்ததும் தானாகத் திரும்ப ஓடும். வெளிவருவதற்கு முன்பே, 2012இல், அதை ட்விட்டர் வாங்கியிருந்தது. எங்கள் எடிட் அறையில் அந்த ஆறு நொடி வீடியோக்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு பேசியிருக்கிறோம். கடைசி ஃப்ரேமும் முதல் ஃப்ரேமும் பொருந்துகிற மாதிரி சிலர் வெட்டியிருப்பார்கள், எங்கே தொடங்கியது என்றே கண்டுபிடிக்க முடியாது. நான்கே வருடத்தில், 2017 ஜனவரியில், அதை மூடிவிட்டார்கள்.

இதற்கிடையில் அலெக்ஸ் சூ, லூயூ யாங் என்ற இருவர் ஷாங்காயில் ஒரு கல்விச் செயலியைச் செய்து பார்த்தார்கள். சில நிமிடங்களுக்குள் ஒரு பாடத்தைச் சொல்லித்தரும் வீடியோக்கள். எடுபடவில்லை. பாடம் எடுப்பவருக்கு ஒவ்வொரு வீடியோவும் பெரும் உழைப்பாக இருந்தது, பார்ப்பவருக்கும் நீளமாக இருந்தது. கையில் மிச்சமிருந்த பணத்தில் அதை விட்டுவிட்டு, பாட்டுக்கு வாயசைத்துப் பதினைந்து நொடி வீடியோ எடுக்கும் செயலியாக மாறினார்கள். 2014இல் வந்த மியூசிக்கலி அதுதான். இன்னொரு பக்கம் பைட்டான்ஸ் என்ற சீன நிறுவனம் 2016 செப்டம்பரில் சீனாவுக்குள் தன் குறுவீடியோ செயலியைக் கொண்டுவந்தது, அதுதான் டௌயின் ஆனது. அடுத்த வருடம் வெளிநாடுகளுக்கென்று டிக்டாக். 2017 நவம்பரில் மியூசிக்கலியை வாங்கி, 2018 ஆகஸ்டில் அதை டிக்டாக்கோடு சேர்த்துவிட்டது. உலகமே ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்த 2020 ஏப்ரலில் மொத்தப் பதிவிறக்கம் 200 கோடியைத் தாண்டியது. 2021 செப்டம்பரில் மாதம் 100 கோடிப் பேர் பயன்படுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்தது.

போட்டி நிறுவனங்களும் வேகமாக வந்தன. இன்ஸ்டாகிராம் ரீல்ஸை 2020இல் பல நாடுகளுக்கு விரித்தது, அதே வருடம் யூடியூப் ஷார்ட்ஸைச் சோதனையாகத் தொடங்கியது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் டிக்டாக்கும் ஒன்று. அந்தச் செயலி போனது, ஆனால் விரலால் தள்ளிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. அது ஒரு நிறுவனத்தின் சொத்தாக இருக்கும் கட்டத்தை அப்போதே தாண்டிவிட்டது.

இந்த வரலாற்றில் என் மனதில் தங்கியது அந்தத் தோற்றுப்போன கல்விச் செயலிதான். சில நிமிடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணத்தில் தவறே இல்லை. அன்றைக்கு அப்படி ஒரு வீடியோ செய்வது கஷ்டமாக இருந்தது, அவ்வளவுதான். செய்வது எளிதானதும் பாடங்கள் தாமாகவே திரும்பி வந்துவிட்டன. பெயர் தெரியாத ஒரு பெண்மணி, எங்கோ தன் அறையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, என் அப்பாவுக்குப் பாடம் எடுத்தார்.

அதனால் செயலியின் எடிட்டிங் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன். இது நன்றாக இருக்கிறது. மனதாரச் சொல்கிறேன், மிக நன்றாக இருக்கிறது. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் ஒரு காட்சி கரைந்து அடுத்த காட்சி எழுகிற மாதிரி செய்ய வேண்டுமென்றால், கணினியில் ரெண்டர் போட்டுவிட்டு, அதாவது வெட்டியதைக் கணினி முழுப் படமாக்கித் தரும்வரை, காத்திருப்போம். நீளமான படமாக இருந்தால் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவோம். காலையில் வந்து பார்த்தால் பாதியில் நின்றிருக்கும். இன்று அக்கா மகள் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒற்றைக் கட்டைவிரலால் அதைச் செய்கிறாள். ஷாட்டை இரண்டாகப் பிளப்பது, வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, மேலே குரல் பதிவது, எழுத்து எந்த நொடியில் வந்து எந்த நொடியில் போக வேண்டும் என்று வைப்பது, எல்லாமே ஒரு விரல் தூரத்தில் இருக்கிறது. ஷாட்டுகளை நேர வரிசையில் அடுக்கும் டைம்லைன் என்றால் என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. போட்டுப் பார்த்துப் போட்டுப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள். ஒரு செய்கையின் நடுவிலேயே தாண்டிப் போகும் ஜம்ப் கட், அதில் அவள் வெட்டும் சில என்னுடையதைவிடத் துணிச்சலாக இருக்கின்றன. ஒரு வீடியோவில் அவள் கதவைத் திறக்கிற செய்கையின் நடுவிலேயே வெட்டி அடுத்த அறைக்குள் போயிருந்தாள். "ஏன் அங்க வெட்டினே?" என்று கேட்டேன். "கதவு திறந்ததுக்கு அப்புறம் அங்க பார்க்க ஒண்ணும் இல்லையே மாமா" என்றாள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஆறு மாதம் ஆகும்.

ஒலியை ஒரு தனிப் பொருளாக வைத்திருப்பது இந்த வடிவத்தின் இன்னொரு நல்ல யோசனை. ஒரு வீடியோவின் அடியில் இருக்கும் ஒலியின் பெயரைத் தொட்டால், அதே ஒலியை வைத்து மற்றவர்கள் செய்த வீடியோக்கள் ஒரே பக்கத்தில் வரிசையாக வரும். என்ன எடுப்பது என்று தெரியாமல் விழிப்பவருக்குத் தொடங்க ஓர் இடம் கிடைக்கிறது. இன்னொருவரின் வீடியோவுக்குப் பக்கத்திலேயே நம்முடையதை ஓடவிடலாம், அல்லது அவருடையதில் சில நொடியை எடுத்து அதற்குப் பின்னால் நம் பதிலை ஒட்டலாம். கேள்வியும் பதிலும் ஒரே துண்டுக்குள் வந்துவிடும். பயிற்சிப் படத்தில் இப்படி ஒரு வசதி கிடைத்திருந்தால் என்னென்னவோ செய்திருப்பேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முடிக்காமல் வைத்திருக்கும் டிராஃப்டுகள் போனுக்குள் மட்டும்தான் இருக்கின்றன. செயலியை ஒருமுறை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றியபோது, என் பதினொரு டிராஃப்டுகள் போய்விட்டன. நீக்குவதற்கு முன்னால் பளிச்சென்று ஓர் எச்சரிக்கை வந்திருக்க வேண்டும், வரவில்லை. திரையின் வலது ஓரத்திலும் அடியிலும் லைக், கமெண்ட் பொத்தான்களும் தலைப்பும் உட்கார்ந்துகொள்வதால், அங்கே வைக்கும் எழுத்து மறைந்துபோகும். எடிட் செய்யும்போது அந்த இடத்தை முன்கூட்டியே கோடு போட்டுக் காட்டினால் போதும். அப்புறம், வீடியோவை ஏற்றும்போது அது அழுத்திச் சுருக்கப்படுவதால் நுண்ணிய கோடுகள் உடைந்துவிடுகின்றன. பொடிக் கட்டம் போட்ட சட்டையோடு வீடியோ எடுக்காதீர்கள், துணியே நெளிகிற மாதிரி தெரியும். மூன்று மாதம் முன்னால் போட்ட ஒரு வீடியோ இப்போது ஊமையாக ஓடுகிறது, அதில் வைத்த பாட்டின் உரிமம் மாறிவிட்டதாம். செயலி தானாகவே கொடுத்த பாட்டு அது. உங்கள் குரலும் அந்த ஒலித்தடத்தில் கலந்திருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும், அதனால் மூலப் பதிவைப் போனில் தனியாகச் சேமித்து வையுங்கள்.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள். நான் கவலைப்படுவது அடுத்த வீடியோவைச் செயலி எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதைப் பற்றித்தான்.

2020 ஜூனில் டிக்டாக் தன் பரிந்துரை முறையைப் பற்றி ஒரு விளக்கம் வெளியிட்டது. லைக், ஷேர், கமெண்ட், ஃபாலோ எல்லாம் கணக்கில் வருகின்றன, நீளமான வீடியோவைக் கடைசிவரை பார்ப்பது வலுவான அடையாளம், மொழி, நாடு போன்ற அமைப்புகளுக்கு எடை குறைவு, ஒருவருக்கு எத்தனை ஃபாலோயர் என்பது நேரடிக் காரணம் இல்லை. இதுதான் அதன் சாரம். கடைசி விஷயம் பெரியது. நண்பர் கூட்டம் இல்லாதவரும், நேற்றுக் கணக்கு தொடங்கியவரும் போட்ட வீடியோ அந்நியரின் திரைக்குப் போகலாம். இத்தாலியில் 2020 மார்ச்சில் தொழிற்சாலை வேலையை இழந்த கபி லாமே என்ற இளைஞர், ஒரு சொல்கூடப் பேசாமல், கையை விரித்துக் காட்டியே வீடியோக்கள் போட்டு, 2022 ஜூனில் டிக்டாக்கில் மிக அதிகமான பேர் பின்தொடரும் நபராக ஆனார். பேசாததால்தான் மொழி தடையாகவில்லை. பொத்தான் போட்டுக் காட்டிய பெண்மணி அப்பாவின் திரைக்கு வந்து சேர்ந்ததும் இதே வழியில்தான்.

திரையில் ஒரே ஒரு வீடியோ இருப்பதை வெறும் அழகுக்கான ஏற்பாடு என்று முதலில் நினைத்தேன். எடிட்டராக யோசித்தால் அது ஓர் அளவுகோல். பழைய சமூக வலைத்தளப் பக்கத்தில் ஒரே நேரத்தில் நான்கைந்து பதிவுகள் தெரியும். நாம் எதைப் பார்த்தோம் என்று அதற்கு உறுதியாகத் தெரியாது. இங்கே சந்தேகத்துக்கு இடமே இல்லை. நின்றோமா, தள்ளினோமா, எத்தனையாவது நொடியில் தள்ளினோம், திரும்ப ஓடவிட்டோமா, எல்லாம் துல்லியமாகப் பதிவாகிறது. வீடியோ குட்டியாக இருப்பதால் கால் மணி நேரத்தில் முப்பது, நாற்பது முறை அளந்துவிடலாம். ஒரு பயிற்சிப் படத்துக்கு அந்த அளவு தகவல் கிடைக்க வேண்டுமென்றால் நான் ஒரு வருடம் திரையிட வேண்டும்.

ஆனால் நான் திரையிடும்போது ஒன்று செய்வேன். அறையின் பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்வேன். திரையைப் பார்க்கமாட்டேன், பார்ப்பவர்களின் முகத்தைப் பார்ப்பேன். ஒரு காட்சியில் எல்லோருடைய கண்ணும் நிற்கிறது என்றால், ஏன் நிற்கிறது என்று முகம் சொல்லிவிடும். புரிந்து நிற்கலாம், புரியாமல் நிற்கலாம். தீ விபத்துப் படத்தில் ஒருமுறை ஒரு காட்சியை நீட்டி வைத்திருந்தேன். எல்லோரும் அசையாமல் பார்த்தார்கள், நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்தில் போய் முகங்களைப் பார்த்த பிறகுதான், அவர்கள் பயந்துபோய் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள், நான் சொல்லவந்த பாடம் ஒன்றும் உள்ளே போகவில்லை என்று தெரிந்தது. அந்தக் காட்சியை வெட்டினேன்.

செயலிக்குத் தெரிவது நேரம் மட்டும்தான், முகம் தெரியாது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு பழைய போனில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கினேன். யாரையும் ஃபாலோ செய்யவில்லை, எதற்கும் லைக் போடவில்லை, கமெண்ட் எழுதவில்லை. ஒரே விதி: மரவேலை வந்தால் கடைசிவரை பார்ப்பேன், வேறு எது வந்தாலும் ஒரு நொடிக்குள் தள்ளிவிடுவேன். முதல் நாள் நடனம், நாய்க்குட்டி, நகைச்சுவை, யாரோ காரைத் துடைப்பது என்று கலந்து வந்தது. நடுவில் இரண்டே இரண்டு மரவேலை. மூன்றாம் நாள் மாலைக்குள் பத்தில் ஏழு, எட்டு மரவேலையாகிவிட்டது. உளி, இழைப்புளி, ஆணியில்லாமல் மரத்தோடு மரம் கோக்கும் மூட்டு வகைகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சோதனை என்பதையே ஒரு கட்டத்தில் மறந்துவிட்டேன்.

அப்புறம் விதியை மாற்றினேன். அழுகிற முகம், மருத்துவமனைப் படுக்கை, பிரிவுச் செய்தி எது வந்தாலும் நிற்பது, மரவேலையைத் தள்ளிவிடுவது. இதற்கு மூன்று நாள் ஆகவில்லை. மறுநாள் இரவே அந்தப் போன் முழுக்கத் துக்கமாகிவிட்டது. யாரென்றே தெரியாத மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக அழுதுகொண்டிருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையை நினைத்தேன். அவள் வருத்தமாக இருக்கிறாள், அதனால் வருத்தமான ஒன்றில் கண் நிற்கிறது. இவளுக்கு இது பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு செயலி இன்னும் பத்து கொண்டுவந்து போடுகிறது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, அளவுகோல் அப்படி. அந்தக் கணக்கை அன்றே மூடிவிட்டேன்.

அப்பாவின் போனில் நடந்தது சோதனை இல்லை.

பொத்தான் வீடியோவுக்குப் பிறகு அவருக்குத் தனிக் கணக்கு வைத்துக் கொடுத்தோம். முதல் இரண்டு வாரம் அருமையாக இருந்தது. கைப்பிடி தடித்த கரண்டியைப் பிடிப்பது, ஒற்றைக் கையால் ஷூ கயிறு கட்டுவது, நாற்காலியிலிருந்து எழும்போது பாதங்களை எங்கே வைப்பது, மேசைமேல் துண்டைப் போட்டு முடங்கிய கையை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் தள்ளுவது. அவரே பிசியோதெரபிஸ்டிடம் போனைக் காட்டி, "இதை நான் செய்யலாமா?" என்று கேட்டார். அவர் சிலவற்றுக்குச் சரி என்றார், ஒன்றை மட்டும் தோளுக்கு ஆகாது என்று தடுத்தார். அப்பா இவ்வளவு ஆர்வமாகக் கேள்வி கேட்டு நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

மூன்றாவது வாரத்தில் ஏழே நாளில் கை எழும்பும் என்று ஒருவர் வந்தார். டாக்டர்கள் மறைக்கும் ரகசியம் என்று இன்னொருவர். நன்றாக வெட்டப்பட்ட வீடியோக்கள் அவை. முதல் நொடியிலேயே கேள்வி, பதில் கடைசி நொடியில். என் தொழிலின் எல்லாக் கைவேலையும் அதில் இருந்தது. அப்புறம் ஊசி வீடியோ வந்தது. பக்கவாதம் வந்தவுடன் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வரவைத்தால் பிழைத்துவிடலாம் என்பது அதன் சாரம். பல வருடமாக மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றிய பழைய பொய் அது, இப்போது நிமிர்ந்த திரையில் இசையோடு வந்திருக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைத்த ரத்தக்கட்டியை விரல் நுனியில் விடும் ரத்தம் ஒன்றும் செய்யாது. கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஊசி தேடும் ஒவ்வொரு நிமிடமும் அந்த நாலரை மணியிலிருந்து போகிறது.

அப்பா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். அன்று இரவு என்னைக் கூப்பிட்டு, "அன்னைக்கு நாம இதைச் செஞ்சிருந்தா கை பிழைச்சிருக்குமோ?" என்று கேட்டார். செய்திருந்தாலும் பிழைத்திருக்காது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் சரி என்று சொன்னேன். தலையாட்டினார். நம்பினாரா என்று அவர் முகத்திலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் அவருடைய போனைத் திறந்தால், அதே மாதிரி ஆறு வீடியோக்கள் வரிசையாகக் காத்திருந்தன. ஒரு மனிதர் குற்றவுணர்வோடு ஒன்றை உற்றுப் பார்த்தார். அது விருப்பம் என்று கணக்கில் ஏறிவிட்டது.

ஒவ்வொன்றையும் புகார் செய்தேன். ஊசி வீடியோவுக்கு, எங்கள் விதிகளை இது மீறவில்லை என்று முதலில் பதில் வந்தது. மறுபடி புகார் செய்தேன், ஒன்பது நாள் கழித்து அகற்றினார்கள். அதற்குள் அதன் அடியில் நூற்றுக்கணக்கான கமெண்டுகள். அதில் ஒருவர், என் மாமியாருக்குச் செய்து பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுதினேன். படித்தாரா என்று தெரியவில்லை.

எனவே அமைப்புகளைத் திருகித் திருகி ஒரு வழி கண்டுபிடித்தோம், அது வேலை செய்கிறது. அப்பா இப்போது செயலியைத் திறந்ததும் தானாக ஓடும் பக்கத்தைப் பார்ப்பதில்லை. நேராகத் தேடல் கட்டத்துக்குப் போய், குரலிலேயே தேடுகிறார். "ஒரு கையால் பெல்ட் போடுவது" என்கிறார், வருவதில் நல்லதை ஒரு தொகுப்பில் சேமித்துக்கொள்கிறார். அந்தத் தொகுப்பில் இப்போது அறுபத்துமூன்று வீடியோக்கள் இருக்கின்றன. தப்பித் தவறி வேறு பக்கம் வந்து ஏமாற்று வீடியோ கண்ணில் பட்டால், அதை அழுத்திப் பிடித்து 'ஆர்வமில்லை' என்பதைத் தொடச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை தொட்டால் பலன் தெரியாது, ஒரு வாரம் விடாமல் செய்தால் குறைகிறது. முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் வசதியும் இருக்கிறது, ஆனால் அமைப்புகளின் நான்காவது பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. அது முகப்பிலேயே இருக்க வேண்டும்.

நேர வரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. முடிவில்லாமல் கீழே போய்க்கொண்டே இருக்கும் பக்கத்தை 2006இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பிற்பாடு அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். 2023 மார்ச்சில் டிக்டாக் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு அறுபது நிமிடம் என்று இயல்பு வரம்பு வைக்கப்போவதாக அறிவித்தது. அதைத் தாண்டக் கடவுச்சொல்லைப் போட்டால் போதும். நான் பயன்படுத்தும் செயலியிலும் இதே மாதிரி ஒரு நினைவூட்டல் வருகிறது, ஒரே தொடலில் அதைத் தள்ளிவிடலாம். ஒவ்வொரு துண்டும் எங்கே முடிய வேண்டும் என்று செய்தவர் யோசித்து வெட்டியிருக்கிறார். அந்தத் துண்டுகள் சேர்ந்த மாலைப்பொழுது எங்கே முடிய வேண்டும் என்று யோசிக்க அங்கே யாரும் இல்லை. வேலை முடிந்து களைத்து வரும் நாளில் நானே இரண்டு மணி நேரத்தை அதில் விட்டிருக்கிறேன். மறுநாள் யோசித்தால் ஒரு வீடியோகூட நினைவில் இல்லை. தேடிப் பார்த்த நாளில் பார்த்தவை மட்டும் நினைவில் இருக்கின்றன.

அக்காவின் சின்னப் பையனுக்குப் பதினொரு வயது. அவனும் கணக்கு கேட்கிறான். கொடுக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். இந்தச் செயலிகள் பொதுவாகக் கேட்கும் வயது பதின்மூன்று, ஆனால் பிறந்த தேதியை மாற்றிப் போட்டால் கதவு திறந்துவிடுகிறது. 2019இல் மியூசிக்கலி, பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியில்லாமல் திரட்டிய வழக்கில் அமெரிக்காவில் 57 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2023 செப்டம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், குழந்தைகளின் தகவலைக் கையாண்ட விதத்துக்காக டிக்டாக்குக்கு 34.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அவனுக்கு வீடியோ செய்ய ஆசை என்றால் என் எடிட் மேசைக்கு வரட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். போன வாரம் ஒரு பல்லியை வீடியோ எடுத்து வந்து, நாக்கு வெளியே வருகிற இடத்தில் வெட்டத் தெரியாமல் அரை மணி நேரம் போராடினான்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: வீடியோ செய்யும் கருவியாக இதற்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். டிராஃப்டுகளைப் பாதுகாத்தால் பத்தும் கொடுப்பேன். தேடிப் பார்க்கும் நூலகமாக ஏழு. திறந்ததும் தானாக ஓடும் பக்கத்துக்கு மூன்று, அதுவும் அந்தப் பெண்மணியைக் கொண்டுவந்து சேர்த்ததற்காக. உடம்பு சரியில்லாதவர், மனம் நொந்திருப்பவர், சின்னப் பிள்ளை, இவர்கள் கையில் அந்தப் பக்கத்தைத் தனியாக விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் முகத்தைப் பாருங்கள், திரையைப் பார்ப்பதைவிட அதில் அதிகம் தெரியும்.

போன மாதம் அப்பா தானே ஒரு வீடியோ எடுக்க வேண்டும் என்றார். ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போடுவதுதான், ஆனால் அவருடைய முறையில். அந்தப் பெண்மணி கீழிருந்து மேலே போனார். அப்பா கீழே இருக்கும் இரண்டு பொத்தான்களைச் சட்டை மாட்டுவதற்கு முன்பே போட்டு வைத்துக்கொள்கிறார். அப்படிச் செய்தால் முன்பக்கத் துணி இரண்டும் விலகாமல் நிற்குமாம். கட்டம் போட்ட சட்டை வேண்டாம் என்று சொல்லி, வெளிர் நீலச் சட்டை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டு, போனை மார்பு உயரத்தில் வைத்தேன். அவரும் பேசவில்லை. பேசினால் இன்னொரு ஊர்க்காரருக்குப் புரியாது என்றார்.

நாற்பத்தெட்டு நொடி வந்தது. நான் எங்கேயும் வெட்டவில்லை. மூன்றாவது பொத்தானில் அவர் விரல் தடுமாறி, இரண்டு முறை நழுவி, மூன்றாவது முறை உள்ளே போகும். அதை எடுத்துவிட்டால் முப்பத்தைந்து நொடியில் முடிந்துவிடும், முடிந்தவரை சுருக்குவதுதான் இந்த வடிவத்தின் பழக்கமும். அப்பா வேண்டாம் என்றார். "புதுசா கத்துக்கறவனுக்கு அங்கதான் நழுவும்" என்றார்.

இதுவரை இருநூற்றுப் பதினான்கு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு கமெண்ட் வந்திருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில். மொழிபெயர்ப்புப் பொத்தானைத் தொட்டு அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பெண்களுக்கும் இதே முறைதானா, அவர்கள் சட்டையில் பொத்தான் எதிர்ப்பக்கம் இருக்குமே என்று கேட்டிருந்தார்கள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அக்காவின் சட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்.